சாமி பயம் இருந்தால்தான் நல்லவரா?

கேள்வி: "சாமி பயம் இல்லாதவன் எதற்கும் துணிவான்" என்கிறார் என் மாமியார். என் கணவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் வருஷத்துக்கு மூன்று முறை ரத்தம் கொடுக்கிறார். யார் பக்கம் நியாயம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நான் உங்கள் கணவர் கட்சி. அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இந்தச் சண்டை நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 134ஆம் பாட்டில் முடமோசியார் ஆய் என்ற வள்ளலைப் புகழும்போது, இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிற 'அறவிலை வணிகன்' அல்லன் அவன், சான்றோர் போன வழி என்பதற்காகவே கொடுக்கிறான் என்கிறார். வள்ளுவர், மேலுலகம் இல்லை என்றாலும் ஈதலே நன்று என்று எழுதிவிட்டார். இத்தனைக்கும் அவருடைய முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்து!

சரி, பக்தியால் ஒன்றும் ஆகாது என்று சொல்லவரவில்லை. வள்ளலார் 1867இல் வடலூர் தருமச்சாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை, பசித்து வருகிறவர்கள் சாதி மதம் பார்க்காமல் சாப்பிட்டுப் போகிறார்கள். அது அருள் நம்பிக்கையில் பிறந்ததுதான். தனி மனிதரின் இரக்கம் அவரோடு முடிந்துவிடலாம், நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஓர் அடுப்பைக் காப்பாற்ற ஒரு கூட்டத்தின் நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

ஆனால் பயம்? வாங்கிய லஞ்சத்தில் ஒரு பங்கை உண்டியலில் போட்டுக் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறவர்களுக்கும் சாமி பயம் நிறையவே இருக்கிறது, அத்தையிடம் அதை மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், ரத்தம் கொடுத்துவிட்டு வருகிற அன்றைக்கு அவருக்கு ஒரு டம்ளர் ஜூஸ்!