பண்ணையில் கழித்த முட்டைக்கோழியை வீட்டில் வளர்ப்பது: கேள்வி பதில்

முட்டைப் பண்ணையில் கழிக்கும் லேயர் கோழிகளை வாங்கி வந்து வீட்டில் வாழவிடுகிறவள் நான். ஊர் நாமக்கல் பக்கம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அக்கா, எந்த வயதில் கழிக்கிறார்கள்? அதற்கப்புறம் முட்டையே இடாதா?

பெரும்பாலும் 72 முதல் 80 வாரத்தில். அதாவது ஒன்றரை வயது. முட்டை நின்றுபோவதில்லை, குறைகிறது. தீவனச் செலவுக்கு முட்டைக் காசு கட்டாது என்றதும் கறிக்கு ஏற்றிப்போக வண்டி வந்துவிடும். ஆனால் முட்டைக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வேண்டாம். இட்டால் லாபம், இடாவிட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கோழி சரிப்படும்.

காசு கொடுத்து வாங்கினால் அது மீட்பா, வியாபாரமா?

நியாயமான கேள்வி. முட்டைக்கோழிக்குக் கிலோ இவ்வளவு என்று நாமக்கல்லில் விலை அறிவிக்கிறார்கள். ஒரு கோழி ஒன்றரைக் கிலோ சுமார் வரும். நீங்கள் நாலு கோழி வாங்குவதால் பண்ணைக்காரர் கூடுதலாகக் குஞ்சு இறக்கப்போவதில்லை, குறைக்கவும் போவதில்லை. அந்த நாலுக்கு மட்டும் கதை மாறும். எனக்கு அது போதும். பிரிட்டனில் இதற்கென்றே 2005இல் பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் என்ற அமைப்பு தொடங்கி, பண்ணைக் கோழிகளை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கிறது. இங்கே கோழி வேண்டுமென்றால், ஏற்றும் அன்றைக்குப் பண்ணையில் நேரில் கேட்டுப் பாருங்கள். அல்லது ஏற்றிப்போகும் வியாபாரியிடம் கேளுங்கள்.

கொண்டுவந்து மூன்று நாள் ஆகிறது. மூலையிலேயே நிற்கிறது, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நோயா?

நோயாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். பண்ணையில் நிப்பிளில், அதாவது கொத்தினால் சொட்டும் சின்னக் குழாய் முனையில், குடித்துப் பழகியது. தட்டில் கிடப்பது தண்ணீர் என்று அதற்குத் தெரியாது. அலகின் நுனியை மெதுவாகத் தண்ணீரில் நனைத்து விடுங்கள். இரண்டு மூன்று தரம் காட்டினால் பிடித்துக்கொள்ளும். ஒன்று கற்றால் மற்றது அதைப் பார்த்துக் கற்கும்.

நடை வராததும் அப்படித்தான். ஏ4 தாள் அளவுகூட இல்லாத இடத்தில், சாய்ந்த கம்பி மேல் நின்ற கால் அது. மண்ணே புதுசு. எலும்பும் மெலிந்திருக்கும். ஒரு முட்டை ஓட்டுக்கு 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனத்தில் பற்றாததை எலும்பிலிருந்து எடுத்துத்தான் இத்தனை முட்டை இட்டிருக்கிறது. அதனால் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவே கூடாது. இறக்கையோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துத் தூக்குங்கள். உட்காரும் கட்டை தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் வேண்டாம்.

பொழுது சாய்ந்தால் நாட்டுக்கோழி தானாக அடையும். இது அடையாது, இருட்டில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். கீரிக்கும் நாய்க்கும் வசதியாகப் போய்விடும், அதுவும் வெள்ளை நிறம் வேறு. ஒரு வாரம் பத்து நாள் நீங்களே தூக்கி உள்ளே விடுங்கள்.

மூன்று நாளாகத் தீனியும் எடுக்காமல், கண் மூடிக் குறுகி நின்றால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கழுத்திலும் முதுகிலும் இறகே இல்லை. ஸ்வெட்டர் போடலாமா?

இங்கிலாந்தில் பின்னிப் போட்டார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது தண்டனை. அங்கேயும் அது நல்லதல்ல என்றுதான் இப்போது சொல்கிறார்கள், ஏனென்றால் அலகால் கோதவும் மண் குளிக்கவும் முடியாது. சாம்பல் கலந்த காய்ந்த மண் ஒரு பக்கம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. பண்ணையில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுவார்கள். உங்கள் வீட்டுக்கு வந்ததும் அது 12 மணி நேரமாகக் குறைகிறது. அந்த மாற்றத்தில் கொஞ்ச நாள் முட்டை நின்று, இருக்கிற இறகும் உதிரலாம். பயப்படாதீர்கள், மறுபடி விளக்கும் போடாதீர்கள். உடம்பு ஓய்வெடுக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் புது இறகு வந்துவிடும். வெளிறித் தொங்கும் கொண்டையும் மெல்லச் சிவக்கும்.

சோறும் அரிசியும் போட்டால் போதுமா?

போதாது. முதலில் பண்ணையில் தின்ற லேயர் மேஷையே (முட்டைக்கோழிக்கான தூள் தீவனம்) கொடுங்கள். அப்புறம் கம்பு, உடைத்த மக்காச்சோளம், கீரை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேஷை முழுசாக நிறுத்தவே வேண்டாம். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டில் ஏழெட்டு நாட்டுக்கோழி இருக்கிறது. சேர்த்து விடலாமா?

மூன்று வாரமாவது தனியாக வைத்து, பேன், சளி, கழிச்சல் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான். பண்ணைக்கோழிக்கு ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பு மருந்து போட்டிருப்பார்கள், உங்கள் நாட்டுக்கோழிக்குப் போட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். சேர்த்ததும் நாட்டுக்கோழி கொத்தும். இதுக்கு அலகு நுனி வெட்டியிருக்கும், திருப்பிக் கொத்தினாலும் பலமாகப் படாது. தீனித் தட்டை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

சேவல் விட்டால் குஞ்சு பொரிக்குமா?

கரு கூடும். அடைகாக்காது. நாமக்கல்லில் அதிகம் பார்க்கிற பிவி 300 போன்ற ரகங்களில் அந்தக் குணமே எடுத்துவிட்ட மாதிரி. நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வருடம் இருக்கும் மேடம்? குழந்தைகள் பேர் வைத்துவிட்டார்கள்.

சில கோழி முதல் மாதத்திலேயே போய்விடும். சிலது இரண்டு மூன்று வருடம் நன்றாக இருக்கும். பெரும்பாலும் போவது முட்டைப்பை கோளாறில்தான். வயிறு வீங்கி, காலை அகட்டி, நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிற்கவைத்துப் பாருங்கள். வராவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பிதுக்கி எடுக்கப் பார்த்தால் உள்ளே உடைந்து கோழி செத்துப்போகும். கோழி சீக்கிரமே போய்விடலாம் என்பதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

சென்னையில் மொட்டைமாடிதான் இருக்கிறது. ஒரே ஒரு கோழி வளர்க்கலாமா?

ஒன்று வேண்டாம், தனிமையில் ஒடுங்கிப்போகும். குறைந்தது மூன்று வேண்டும். மே மாதத்தில் மாடித் தளம் சுட்டால் நிற்க இடமிருக்காது. கெட்டியான கூரை, தென்னை நார் பரப்பிய தரை, நாளுக்கு இரண்டு மூன்று தரம் மாற்றும் தண்ணீர், இத்தனையும் உங்களால் முடியுமா என்று பாருங்கள். அப்படியே கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முட்டை இட்டதும் இவர்கள் போடும் சத்தம் கொஞ்ச நஞ்சமல்ல.