நீர்த்துப்போன காளான் சாஸ்

கேள்வி: உணவகத்தில் பாஸ்தாவுடன் பரிமாறும் காளான் கிரீம் சாஸை வீட்டில் இருமுறை செய்து பார்த்தேன். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, காளானையும் உப்பையும் போட்டு, உடனே கிரீமை ஊற்றிக் கொதிக்கவிட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். முதல் முறை சாம்பல் நிறத்தில் ரசம் போல் நீர்த்துவிட்டது; மறுமுறை கிரீம் திரிந்து நெய் தனியே மிதந்தது. எங்கே தவறு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: செய்த வரிசையை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், தவறு அந்த வரிசையில்தான் இருக்கிறது. மொட்டுக் காளானின் எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர். உப்பும் சூடும் பட்டவுடன் அது வெளியேறத் தொடங்கும். அந்த நீர் வற்றுவதற்கு முன்பே நீங்கள் கிரீமை ஊற்றியதால், காளான் வறுபடாமல் தன் நீரிலேயே வெந்து, கிரீமையும் நீர்க்கச் செய்துவிட்டது.

அடுத்த முறை 200 கிராம் காளானை விரைவாக அலசித் துடைத்து, சற்றுத் தடிமனான வில்லைகளாக நறுக்கி, அகலமான வாணலியில், எண்ணெயோ உப்போ இல்லாமல் நல்ல தீயில் பரப்பிவிடுங்கள். முதலில் நீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். சில நிமிடங்களில் அந்த ஓசை அடங்கி, வாணலி உலர்ந்து, காளான் பாதியாகச் சுருங்கியிருக்கும். அப்போதுதான் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயைச் சேர்த்து, ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வறுக்க வேண்டும். சாஸின் சுவையில் பெரும்பங்கு இந்தப் பொன்னிறத்தில் இருப்பதால், இங்கே அவசரப்படாதீர்கள். காளான் குழைந்துவிடும் என்ற அச்சமும் வேண்டாம். நண்டு, இறால் ஓடுகளில் உள்ள கைட்டின் என்னும் பொருளே காளானின் செல்சுவரிலும் இருப்பதால், கத்தரிக்காயைப் போல் அது கரைந்து போகாது.

பிறகு பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் மூன்று பல் பூண்டையும் வதக்கி, ஒரு தேக்கரண்டி மைதாவைத் தூவி, பச்சை வாசனை போகும்வரை கிளறி, அரை கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கலக்குங்கள்.

கிரீம் திரிந்ததற்கு வருவோம். நம் கடைகளில் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீமில் பெரும்பாலும் 25 சதவீதம் கொழுப்புதான் இருக்கும். 35 சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்புள்ள கிரீம் கொதியைத் தாங்கும், இது தாங்காது. புளிப்பும் சேர்ந்தால் உடனே திரிந்துவிடும். மைதாவின் மாவுச்சத்து ஓரளவு காக்கும் என்றாலும், சாஸ் கெட்டியான பின் தீயை நன்றாகக் குறைத்து, குளிர்ச்சி நீங்கிய கிரீமை 100 மில்லி ஊற்றி, ஓரத்தில் சிறு குமிழ் தோன்றியதும் இறக்கிவிடுங்கள். உப்பும் புதிதாக இடித்த மிளகும் அதன் பின்னரே. எலுமிச்சை கட்டாயம் வேண்டுமென்றால், தட்டில் பரிமாறிய பின் இரண்டு சொட்டு போதும். என்னைக் கேட்டால், மிளகின் காரமே இதற்குப் பொருத்தமானது.

ஆறும்போது சாஸ் இன்னும் இறுகும். அதைத் தளர்த்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றாமல், பாஸ்தா வெந்த நீரில் இரண்டு கரண்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.