கணக்கில் விடுபட்ட 7 விழுக்காடு

கேள்வி: அருங்காட்சியகம் ஒன்றில் ‘ஆர்ஜிரோடைட்’ என்று பெயரிடப்பட்ட, கருமையாக மின்னும் கல்லைக் கண்டேன். அதன் சிறப்பு என்ன?

பதில்: வெள்ளி, ஜெர்மானியம், கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த அரிய சல்ஃபைடு கனிமம் அது. எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெள்ளிதான். புதிதாக உடைத்த பரப்பு செம்மை கலந்த எஃகுச் சாம்பல் நிறத்தில் மின்னும், நாளடைவில் கறுத்துவிடும். நீரைப் போல ஆறு மடங்குக்கும் சற்று மேலான அடர்த்தி உடையதாயினும், கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அது 2.5 மட்டுமே என்பதால் செப்புக் காசே அதைக் கீறிவிடும்.

எனினும் அதன் பெருமை வேறு. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் அருகிலுள்ள வெள்ளிச் சுரங்கத்தில் 1885-இல் கிடைத்த இக்கனிமத்தை வேதியியலாளர் கிளெமென்ஸ் விங்க்லர் பகுத்தாய்ந்தபோது, எத்தனை முறை முயன்றும் அதில் கண்டறிந்த தனிமங்களின் எடைக் கூட்டுத்தொகையில் சுமார் 7 விழுக்காடு குறைந்தது. வேறொருவராக இருந்திருந்தால் தராசைக் குறை கூறியிருப்பார். அவரோ விடாமல் தேடி, 1886 பிப்ரவரியில் ஜெர்மானியம் என்னும் புதிய தனிமத்தைப் பிரித்தெடுத்தார். சிலிக்கானுக்குக் கீழே அணு எடை 72 அளவில் ஒரு தனிமம் இருக்க வேண்டும் என்று வேதியியலாளர் மெண்டலீவ் 1871-இலேயே கணித்து, தம் தனிம அட்டவணையில் காலியாக விட்டிருந்த இடம் அவ்வாறு நிரம்பியது.