ஓட்டுவது இருக்கட்டும், நிறுத்தத் தெரியுமா?

கேள்வி: விடுமுறைக்கு நாங்கள் நால்வரும் ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 7, 11. சுற்றிலும் குட்டிக் குட்டித் தீவுகள். சின்ன மோட்டார் படகை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நாமே ஓட்டிக்கொண்டு தீவு தீவாகப் போகலாம் என்கிறார் என் கணவர். ‘ஸ்கூட்டர் மாதிரிதான், பத்து நிமிஷத்தில் பழகிவிடும்’ என்கிறார். ஏரியில் பெடல் படகு மிதித்ததோடு சரி, வேறு அனுபவம் கிடையாது. படகோட்டியை வைத்துக்கொள்ளலாம் என்றால் ‘அப்புறம் என்ன சுதந்திரம்’ என்று முகம் சுளிக்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: பத்து நிமிஷக் கணக்கில் உங்கள் கணவர் சொல்வது சரிதான். சாவியைத் திருகி, லீவரை முன்னால் தள்ளினால் படகு போகும். ஆனால் ஸ்கூட்டருக்கு பிரேக் இருக்கிறதே! படகில் லீவரை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பெரிதாகக் கேட்காது. அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்னால் வெளியே மாட்டியிருப்பது) படகைத் திருப்புவதே புரொப்பல்லர் பின்னால் தள்ளும் தண்ணீர்தான். அது சுற்றாவிட்டால் படகு காற்றின் சொற்படிதான் நடக்கும். படகுத்துறையில் முதல்முறை ஓட்டுபவர்கள் இடித்துக்கொள்வது இதனால்தான். ஆக, ஓட்டத் தெரியுமா என்று அவரிடம் கேட்காதீர்கள். நிறுத்தத் தெரியுமா, திரும்பி வரத் தெரியுமா என்று கேளுங்கள்.

நிறுத்துவது என்றால் நங்கூரம். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். வாடகைப் படகில் முதல் தீவை நெருங்கியதும், பெரிய மாலுமி மாதிரி நங்கூரத்தைத் தூக்கி வீசினேன். கயிறு சரசரவென்று ஓடியது. ஓடி முடிந்து, அதன் நுனியும் என் கண் முன்னாலேயே தண்ணீருக்குள் போயிற்று! மறுமுனையைப் படகில் யாரும் கட்டவில்லை. கட்டியிருக்கிறதா என்று நானும் பார்க்கவில்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததால் மணலில் கிடந்த நங்கூரம் நன்றாகத் தெரிந்தது. படகு மட்டும் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. காற்று இல்லாத நாள், கூட வந்தவருக்கு முக்குளிக்கத் தெரியும், பிழைத்தோம். இப்போதெல்லாம் படகில் ஏறியதும் நான் முதலில் தேடுவது அந்தக் கயிற்றின் முடிச்சைத்தான்.

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடிப்பதில்லை. படுத்து, மணலைக் கவ்வினால்தான் பிடிக்கும். அதற்குக் கயிறு தாராளமாக வேண்டும், ஆழத்தைப் போல 5 முதல் 7 மடங்கு. 3 மீட்டர் ஆழத்துக்குக் குறைந்தது 15 மீட்டர். படகின் முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே வந்துவிடும். இறக்கியதும் மெதுவாக ரிவர்ஸ் எடுத்து, கயிறு விறைக்கிறதா என்று பாருங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடு கலைந்தால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். பவளப் பாறையின் மேல் போடவே கூடாது. பவளம் உடையும், நங்கூரமும் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது திரும்பி வருவது. காலையில் கடல் தாம்பாளத் தண்ணீர் மாதிரி இருக்கும். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். பிற்பகலில் அதே கடலில் படகு தொம் தொம்மென்று குதிக்கும். அதனால் காலையில் காற்று வரும் திசையில் உள்ள தீவுக்கு முதலில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். பெட்ரோலை மூன்றாகப் பிரித்து, போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு என்று வையுங்கள். எதிர்க்காற்றில் இன்ஜின் எவ்வளவு குடிக்கும் என்று டேங்க் காலியான பிறகு தெரிந்து பயனில்லை.

வெளிச்சமும் முக்கியம். சூரியன் தலைக்கு மேலோ முதுகுக்குப் பின்னாலோ இருந்தால் கடலின் நிறத்தைப் படிக்கலாம். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்புத் திட்டு பவளப் பாறை. பாறையில் புரொப்பல்லர் இடித்தால் டெபாசிட் அநேகமாக அத்தோடு போச்சு. சாயங்காலம் வெயிலுக்கு எதிராக வந்தால் எல்லாம் ஒரே தகடாகத்தான் மின்னும். வெப்பமண்டலத்தில் அந்தி நீளாது. சூரியன் இறங்கிய அரை மணிக்குள் இருட்டிவிடும். மூன்று, மூன்றரைக்குள் கரை சேரும்படி திட்டமிடுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் தாட்சண்யமே வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பெரியது, வேறு கேளுங்கள். முன்னால் காலைத் தொங்கவிட்டு உட்கார விடாதீர்கள், விழுந்தால் படகு மேலேயே ஏறும். யாராவது தண்ணீரில் இருந்தால் இன்ஜின் நியூட்ரலில் இருந்தால் போதாது. அணைந்திருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும்.

வாடகைக்குத் தருபவரிடம் உரிமம் தேவையா என்று கேளுங்கள். சில நாடுகளில் சின்ன இன்ஜினுக்குத் தேவையில்லை, சில நாடுகளில் கட்டாயம். தேவையான இடத்தில் இல்லாமல் ஓட்டினால் பயணக் காப்பீடு கைவிரிக்கலாம். ஏறும் முன் படகைச் சுற்றி, புரொப்பல்லர் உட்பட, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தீவு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். ஓடும்போது இன்ஜினின் பின்னால் சின்னத் துளையிலிருந்து, அதைக் குளிர்வித்த தண்ணீர் பீச்சிக்கொண்டே இருக்கும். அது நின்றால் உடனே அணையுங்கள். கீழே தண்ணீர் உறிஞ்சும் வழியை பிளாஸ்டிக் பை அடைத்திருக்கக் கூடும்.

சரி, பயப்படுவது வீணா? இல்லை. அதற்காக ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம். முதல் அரை நாள் படகோட்டியை வைத்துக்கொண்டு, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி உங்கள் கணவரே ஓட்டட்டும். துறையில் மூன்று முறை படகைக் கொண்டுவந்து நிறுத்தட்டும், மூன்று முறை நங்கூரம் போட்டு எடுக்கட்டும். நன்றாக வந்தால் மறுநாள் படகோட்டி இல்லாமல் நீங்கள் நால்வரும், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் உள்ள தீவுக்குப் போங்கள். அப்போது அவர் கேட்கும் சுதந்திரம் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. ஓட்டுபவர் காலில் ஒரு சிவப்புச் சுருள் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும்; அதன் மறுமுனை இன்ஜினின் சுவிட்சில் இருக்கும். அவர் விழுந்தால் அது பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மீதே வரும். ஆனால் அவரோடு அந்தக் கயிறும் கடலுக்குள் போய்விடுமே? அதனால் உதிரிக் கயிறு ஒன்று கேட்டு வாங்கி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை நாளில் நீங்களும் இன்ஜினைக் கிளப்பி, ஒரு சுற்று ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். அவர் தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பிக்கொண்டு போகவேண்டியவர் நீங்கள்தான்.