ஓட மனம் வராத காலைகள்: நடுத்தர வயதினருக்கான கேள்வி பதில்

நாற்பதைக் கடந்தபின் ஓடத் தொடங்கியவர்களுக்கும், தொடங்கிப் பாதியில் நின்றுபோனவர்களுக்கும் பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஊக்கத்தைப் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்து விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (வங்கி ஊழியர், வயது 46, கோயம்புத்தூர்): ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் ஆர்வத்துடன் ஓடத் தொடங்குகிறேன், மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. இது நான்காவது முறை. எனக்கு மனவுறுதி போதவில்லையா?

பதில்: மனவுறுதியைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் வேகத்தைப் பாருங்கள். ஊக்கம் போய்விட்டது என்று என்னிடம் வருபவர்களில் மிகப் பலர், கல்லூரி நாட்களில் ஓடிய வேகத்தை இன்றைய உடலிடம் கேட்டவர்கள். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சும் இதயமும் தேறத் தொடங்கிவிடும். ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் அந்தப் பளுவுக்குப் பழகப் பல மாதங்கள் ஆகும். உங்கள் மூன்றாவது வாரம் இந்த இடைவெளியில்தான் வருகிறது. மூச்சு இன்னும் போகலாம் என்கிறது, கெண்டைக்கால் முடியாது என்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே கால் கனக்கிறது. அந்தக் கனத்தைச் சோம்பல் என்று நினைத்து நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். உண்மையில் அது ஆறாத உடலின் களைப்பு.

ஆகவே இம்முறை ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மொத்தம் இருபது நிமிடங்களோடு வீடு திரும்புங்கள். ஓடும்போது உங்கள் வீட்டு முகவரியைக் கதவு எண்ணிலிருந்து அஞ்சல் குறியீட்டு எண் வரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தெருப் பெயரிலேயே மூச்சு முட்டினால் வேகம் அதிகம். ஊர்ப் பெயரையும் தாண்டி இயல்பாகச் சொல்ல முடிந்தால் அதுவே உங்களுக்கு உரிய வேகம். ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் வரும். முதல் மாதம் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். இன்னும் ஓடலாம் என்று தோன்றும்போதே நிறுத்துவது கடினம்தான், ஆனால் மறுநாள் காலை உங்களை எழுப்புவது அந்த மிச்சம்தான். பழக்கம் ஊன்றுவதற்கும் போதிய காலம் கொடுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின; சிலருக்கு 18 நாட்களே போதுமாயின, சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். மூன்று வாரத்தில் பழக்கம் வரவில்லை என்பதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி (பள்ளி ஆசிரியை, வயது 51, மதுரை): காலை நேரம் சமையலில் போய்விடுகிறது. இருட்டில் ஓடப் பயம், தெருநாய்களும் உண்டு. மாதவிடாய் நின்றபின் உடல் எடை ஏறிவிட்டது. எனக்கெல்லாம் ஓட்டம் சரிப்படுமா, அம்மா?

பதில்: நிச்சயம் சரிப்படும். உங்களுக்கு இருப்பது ஊக்கக் குறைவு அன்று, நேரமும் இடமும் இல்லாத குறை; அதை வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும். வாரத்தில் மூன்று நாட்கள் காலைச் சிற்றுண்டியை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நேரடியாகக் கேளுங்கள். அது இயலாதென்றால் மாலையில் மாணவர்கள் கலைந்தபின் உங்கள் பள்ளி மைதானமே இருக்கிறது: சுற்றுச்சுவர் உண்டு, தெருவில் ஓடும் பயம் இல்லை, உடன் பணிபுரியும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளலாம். சுடிதாரே போதும், ஆனால் ஓட்டத்துக்கென்று செய்த காலணியிலும், நல்ல பிடிப்புள்ள ஸ்போர்ட்ஸ் பிராவிலும் சிக்கனம் வேண்டாம். தெருவில் நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அதற்கு முதுகைக் காட்டாமல் மெல்ல நடந்து கடந்துவிடுங்கள்.

பத்து நிமிடம் ஓடி என்ன ஆகப் போகிறது என்ற எண்ணம் பெண்களைத்தான் அதிகம் தடுக்கிறது. அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் கவனித்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் மட்டும், அதுவும் மெதுவாக ஓடியவர்களுக்குக்கூட இதய நோயால் இறக்கும் வாய்ப்பு ஓடாதவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு விரைவாக அடர்த்தி இழக்கிறது. ஓட்டத்தில் பாதம் தரையைத் தட்டும் அதிர்வு எலும்புக்குத் தேவையான தூண்டுதல். அதனோடு தசைப் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்குங்கள். இவ்விரண்டையும் வாரத்தில் இரு நாட்கள் செய்தாலே மாற்றம் தெரியும்.

கேள்வி (வயது 48, தஞ்சாவூர்): ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள்.

பதில்: பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காட்டினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்ததாகக் கூறுகிறது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் அது 13.3 விழுக்காடு. அளவோடு ஓடுபவரின் மூட்டு கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று இதை வீட்டில் சொல்லுங்கள். ஏற்கெனவே மூட்டு வீங்குகிறது, பழைய தசைநார்க் கிழிசல் உண்டு என்றால் மட்டும் எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி (வயது 44, சென்னை): ஒரு நாள் விட்டால் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. நாள்தோறும் ஓடியே தீர வேண்டுமா? கோடையில் என்ன செய்வது?

பதில்: பிரிட்டனின் மாரத்தான் வீரர் ரான் ஹில் 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள், ஒரு நாளும் விடாமல் ஓடினார். நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மைல் என்பதே அவர் வைத்த எல்லை. உடல் ஒத்துழைக்காத நாட்களையும் அந்தச் சிறிய எல்லைதான் கடக்க வைத்தது. ஆனால் ஊன்றுகோலுடன்கூட அந்தக் கணக்கை அவர் காத்தார். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நாள்தோறும் அதே நேரத்தில் காலணி அணிந்து வெளியே வாருங்கள். நான்கு நாட்கள் ஓடுங்கள், மற்ற நாட்களில் நடந்தால் போதும். பழக்கத்துக்குத் தொடர்ச்சி கிடைக்கும், தசைக்கு ஓய்வும் கிடைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் விடியுமுன்பே காற்று பிசுபிசுக்கும். அப்போது வழக்கமான வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். வெயில் ஏறுமுன் முடித்து, வீடு வந்ததும் உப்பிட்ட மோர் குடியுங்கள்.

கேள்வி (வயது 55, சேலம்): சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். ஓடலாமா?

பதில்: மருத்துவரிடம் பேசி, அவர் சொன்னால் டிரெட்மில் பரிசோதனையும் முடித்த பிறகு தொடங்குங்கள், இதில் எனக்குச் சமரசம் இல்லை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஓட்டத்தின்போதும், சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கக்கூடும். புறப்படுமுன் அளவு பாருங்கள். 100க்குக் குறைவாக இருந்தால் ஏதேனும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் இதயத் துடிப்பை அடக்கி வைப்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், மேலே சொன்ன முகவரிச் சோதனையை நம்புங்கள். திரும்பியதும் விரலிடுக்கு, உள்ளங்கால் இரண்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாது. மார்பில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

கேள்வி (வயது 50, திருச்சிராப்பள்ளி): தந்தை மறைந்து சில மாதங்கள் ஆகின்றன. அதன்பின் ஓடவே தோன்றவில்லை.

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். இப்போது தூரத்தையோ நேரத்தையோ குறிக்க வேண்டாம். யாரேனும் ஒருவருடன், பேசினாலும் பேசாவிட்டாலும், நடக்கத் தொடங்குங்கள். கால் தானாக வேகமெடுக்கும் நாளில் ஓடலாம், பழைய தூரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். உறக்கமும் பசியும் இன்னும் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஓட்டம் மனத்துக்குத் துணை செய்யும், சிகிச்சையின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

கேள்வி (வயது 53, சென்னை): பத்து ஆண்டுகளாக ஓடுகிறேன். அதே தூரத்தை ஓடி முடிக்க ஆகும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது. இதனாலேயே ஆர்வம் குறைகிறது.

பதில்: உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முப்பது வயதுக்குப்பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது, விடாமல் பயிற்சி செய்பவர்களிடம் அந்த வீழ்ச்சி மெதுவாக நடக்கிறது. உங்கள் கைக்கடிகாரம் தேய்வை மட்டும் காட்டுகிறது, ஓட்டத்தால் நீங்கள் தடுத்து வைத்திருக்கும் தேய்வை அதனால் காட்ட முடியாது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர்களை 21 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்ட முடிவில், 19ஆம் ஆண்டுக்குள் அவர்களில் 15 விழுக்காட்டினரும், ஓடாத ஒப்பீட்டுக் குழுவில் 34 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். அன்றாட வேலைகளைப் பிறர் உதவியின்றிச் செய்யும் ஆற்றலும் ஓடியவர்களிடமே நெடுங்காலம் நிலைத்தது.

பழைய நேரங்களின் பட்டியலை மூடி வைத்துவிட்டு, ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பிறகு ஓடியவற்றை மட்டும் புதிய பதிவாகத் தொடங்குங்கள். மூத்தோர் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவு என்று வைத்திருப்பதும் இதற்காகத்தான். 55ஆம் வயதில் நீங்கள் அடுத்த பிரிவில் இளையவராக நிற்பீர்கள். இந்த இரண்டு ஆண்டுகளை அதற்கான ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு நாள் மட்டும் குறுந்தூரத்தை விரைந்து ஓடுங்கள், மீதி நாட்களில் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம்.