சுவரில் சுவாரஸ் படம்

கேள்வி: "நான் லிவர்பூல் கால்பந்து அணியின் பழைய ரசிகன். அதில் ஆடிய உருகுவே வீரர் லூயிஸ் சுவாரஸ் என்றால் உயிர். கறுப்பின வீரர் எவ்ராவை அவருடைய நிறத்தைச் சொல்லிச் சுவாரஸ் சீண்டிய கதையை என் மகன் எங்கேயோ படித்துவிட்டு, 'இந்த ஆளோட படத்தையாப்பா மாட்டி வெச்சிருக்கீங்க?' என்று கேட்கிறான். கழற்றிவிடட்டுமா?"

பதில்: படம் கிடக்கட்டும். மகன் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை எழுதவே இல்லையே! "அவங்க ஊர்ல அது சாதாரணம்டா" என்று மழுப்பியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அன்று லிவர்பூல் ரசிகர்கள் பலரும் அதைத்தான் சொன்னார்கள்.

2011 அக்டோபர் 15, ஆன்ஃபீல்டு மைதானம். மான்செஸ்டர் யுனைடெட்டின் பாட்ரிஸ் எவ்ராவோடு நடந்த வாக்குவாதத்தில் 'நீக்ரோ' என்ற சொல்லை ஒரே ஒரு முறை சொன்னேன், உருகுவேயில் அது சகஜம் என்றார் சுவாரஸ். இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் விசாரணைக் குழு நம்பவில்லை. ஏழு முறை சொன்னார் என்று முடிவுசெய்து 8 ஆட்டங்கள் தடை, 40,000 பவுண்டு அபராதம் விதித்தார்கள். சகஜமான சொல்தான் என்றே வைத்துக்கொள்வோம். சண்டையில் எதிராளியின் முகத்துக்கு நேரே சொன்னால் அது என்ன சகஜம்? இத்தனைக்கும், சுவாரஸ் இனவெறியர் என்று தான் நினைக்கவில்லை என எவ்ராவே அந்த விசாரணையில் சொன்னார். அவர் கேட்டதெல்லாம் அன்று நடந்த செயலுக்கு நியாயம்.

அந்தச் சொல்லைவிட எனக்கு இன்றும் உறுத்துவது அடுத்து நடந்ததுதான். தீர்ப்பு வந்த மறுநாள், விகன் அணியோடு நடந்த ஆட்டத்துக்கு முன்னால், லிவர்பூல் வீரர்கள் சுவாரஸ் படம் போட்ட டீ-ஷர்ட்டில் வந்தார்கள். மேனேஜர் டால்கிலிஷும் அதையே போட்டிருந்தார். எவ்ரா என்ற மனிதர் யார் கண்ணிலும் படவில்லை. அன்று அதே டீ-ஷர்ட்டில் நின்ற ஜேமி காரகர் 2019-இல் டிவி நிகழ்ச்சியில் எவ்ராவிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டார். எட்டு வருஷம் ஆனது, சரி, கேட்டாரே. அதற்காக சுவாரஸின் ஆட்டம் மட்டம் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நீங்களும் சொல்ல வேண்டாம். 2013-14 சீசனில் 33 லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்த மனிதரை எப்படி ரசிக்காமல் இருப்பது? ரசியுங்கள், வக்கீல் வேலை மட்டும் பார்க்காதீர்கள். "அவர் செய்தது தப்புடா" என்று மகனிடம் சொல்லுங்கள், பின்னாலேயே ஒரு 'ஆனால்' போடாமல். அப்புறம் படத்தைப் பற்றி இருவரும் பேசி முடிவெடுங்கள். நானாக இருந்தால் வரவேற்பறையிலிருந்து எடுத்து என் மேஜைப் பக்கம் மாட்டிக்கொள்வேன்.

நார்விச் அணிக்கு எதிராக அவர் நாலு கோல் அடித்த ஆட்டத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் எவ்ரா பேச்சை எடுத்தானென்றால், வீடியோவை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.