சமய அமைப்புகள் ஏன் சட்டப்படி நிறுவனமாகப் பதிவு செய்துகொள்கின்றன?

வழிபாட்டுக்காகக் கூடும் ஒரு சபை எதற்காக அரசிடம் பதிவு பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்மையான காரணம் சொத்துதான். பதிவு பெறாத சபை சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் தனிமனிதர்களின் கூட்டம் மட்டுமே என்பதால், அதன் நிலமும் கட்டடமும் வங்கிக் கணக்கும் அறங்காவலர் சிலரின் பெயரில் இருக்க நேர்கிறது. அவர்களில் ஒருவர் இறந்தாலோ பிணங்கிப் பிரிந்தாலோ, உரிமை யாருக்கு என்ற வழக்கு தலைமுறை தாண்டியும் நீளக்கூடும். பதிவான சபையோ, உறுப்பினர்கள் மாறினாலும் தொடர்ந்து நீடிக்கும் சட்டமுறை ஆளாகிறது. அதுவே வாங்கும், விற்கும், வழக்காடும். கடன் திரும்பாமற்போனாலும், கட்டடத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து இழப்பீடு கேட்டாலும், பொறுப்பு பொதுவாக அமைப்பின் சொத்தோடு நின்றுவிடும். உறுப்பினர் வீடுவரை வராது.

வரிவிலக்குதான் காரணம் என்று பலர் நினைப்பது முழுக்கச் சரியன்று. அமெரிக்காவில் தகுதியுள்ள தேவாலயங்கள் நிறுவனமாகப் பதிவு பெறாவிட்டாலும் அவற்றுக்குக் கூட்டரசு வருமானவரி விலக்கு உண்டு. அந்நாட்டின் வர்ஜீனியா மாநிலமோ, சபைகள் நிறுவனமாவதையே தன் அரசியலமைப்பில் தடுத்து வைத்திருந்தது. 2002இல்தான் கூட்டரசு நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. பதிவு செய்தால் அரசைத் தலைவனாக ஏற்றதாகிவிடும் என்று அஞ்சி விலகி நிற்கும் சபைகளும் உள்ளன. அந்த அச்சம் மிகையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.